கேமரா எந்தப் பக்கம் பாக்குது, கண்ணு?

வா கண்ணு, வா. அந்த மூணுகால் குச்சியக் கோழிக்கூடை மேல சாத்தாத. செவலைச் சேவல் அதும்மேல ஏறி ஒரு கூவல் போட்டுதுன்னா, பேதுரு கேட்ட கூவல்னு சொல்லி அதையும் லைவ்ல உட்டுருவீங்க. இப்படித் திண்ணையில உக்காரு. கட்டன் காப்பி கொண்டாரச் சொல்றேன். பாலெல்லாம் சொசைட்டிக்குப் போயிருச்சு.

சொல்லு. பங்குல இருந்து தாட்டி உட்டாங்களாக்கும்? வழி தவறுன ஆடுகள ஆன்லைன்ல தேடறோம்னு நோட்டீசு அடிச்சிருக்கீங்கன்னு டீக்கடையில பேசிக்கிட்டாங்க. அந்த ஆட்டுல நானும் ஒண்ணு. 78 வயசுக் கெடா. என்னையத் தேடி இந்த ஏத்தத்துல வண்டிய உருட்டிக்கிட்டு வந்தியே, அதுவே பெருசு. ஆனா வந்தவன் என்ன பண்ணுன? "அப்பாரு, உங்க போனக் குடுங்க, நம்ம கோயில் சேனலுக்கு சப்ஸ்கிரைப் போட்டுத் தர்றேன், மணிச் சின்னத்தையும் அமுக்கி உடறேன்"னு நின்னுக்கிட்டே சொன்ன. ஆட்டுக்குக் கழுத்துல மணி கட்டிப்போட்டு அது கெடக்கற எடத்துலயே உட்டுட்டுப் போறவன இப்பத்தான் கண்ணு பாக்கறேன்.

நானும் இந்த மலையில நாப்பது வருசம் ஆடு மேச்சவன். காணாமப் போன ஆட்டத் தேடிப் போறவன் கையில கொடுவா இருக்கும், கவுறு இருக்கும், ஒரு கொத்துத் தழை இருக்கும். ஆட்டப் பேரு சொல்லிக் கூப்புடுவான். கூப்புட்டுப்போட்டுச் சித்த நேரம் வாய மூடீட்டு நிப்பான். எதுக்குன்னா, அக்கட்டப் பள்ளத்துல இருந்து 'மே'ன்னு ஒரு சத்தம் வருதான்னு கேக்கோணுமல்ல? நீங்க கூப்புடறீங்க, கூப்புடறீங்க, கூப்புட்டுக்கிட்டே இருக்கறீங்க. ஞாயித்துக்கெழமை ரெண்டு பூசையும் லைவு, செவ்வாக்கெழமை அந்தோணியார் நவநாளு லைவு, வெள்ளிக்கெழமை செபக்கூட்டம் லைவு. வாய மூடி நிக்கற நேரம் எப்போன்னு அந்த நோட்டீசுல போடலியே?

கெழவன் மிசினுக்கு எதிரின்னு நெனச்சுக்காத. உன்ற அப்பன் அரை டவுசர்ல மூக்கு ஒழுகத் திரிஞ்ச காலத்துலயே எங்கூட்டு அட்டாலியில மர்பி ரேடியோ இருந்துது. பொழுது சாஞ்சா சிற்றலையில மணிலாவப் புடிப்பேன். வெரித்தாஸ் வானொலி, 1969ல தொடங்குன நெலையம். அங்க இருந்து தமிழ்ல பேசுவாங்க. மழை நாள்ல சட்டியில அப்பளம் பொரியற மாதிரி கரகரன்னு இருக்கும், நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தை காத்துல போயிரும். ஆனா நேயர் கடுதாசி வாசிக்கற நேரம் மட்டும் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. ஊருப் பேரு சொல்லுவாங்க பாரு, நம்ம அகளின்னு ஒரு தடவை வந்துறாதான்னு காதத் தீட்டீட்டு உக்காந்திருப்பேன். கடல் தாண்டி இருக்கறவன் நம்ம ஊருப் பேரு சொல்றதுக்குக் காத்துக் கெடந்தம். 2018ல அவிய சிற்றலைய நிறுத்திப்போட்டு நெட்டுக்கு மாறிக்கிட்டாங்க. மர்பியில இப்ப கோழி முட்டை உடுது.

இன்னும் மேல போனா, 1931ல வத்திக்கான் வானொலிய அமைச்சுக் குடுத்தது ரேடியோவுக்குப் பேரு போன அந்த மார்க்கோனியேதான். டெலிவிசனுக்கு ஒரு பாதுகாவலி உண்டு, தெரியுமா உனக்கு? தெரியாது, நீ மீடியா டீமு. அசிசி ஊரு கிளாரம்மா. 1253ல செத்துப்போன பொம்பளை. கிறிஸ்துமஸ் ராத்திரி நோவுல எந்திரிக்க முடியாமக் கெடந்தப்ப, கோயில்ல நடந்த பூசை அவிய படுத்திருந்த ரூமுச் செவுத்துலயே தெரிஞ்சுதுன்னு கதை. அத வெச்சு 1958ல பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் அந்தம்மாவ டெலிவிசனுக்குப் பாதுகாவலின்னு சொல்லிப்போட்டாரு. ஆக மொதல் லைவு அசிசிச் செவுத்துலதான் ஓடிருக்குது. சுத்திச் சுத்தி நிக்கவும் இல்ல, நடுவுல விளம்பரமும் இல்ல. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. முட்டி வலியில கெடக்கறவன் பழைய 'நம் வாழ்வு' கட்டப் பிரிச்சுப் படிக்காம வேற என்ன பண்ணுவான்?

உன்ற போனையும் நான் கண்ணால பாத்து நம்பினவன்தான். 2020 மார்ச்சு 25ல ஊரடங்கு போட்டாங்கல்ல, ஆனைகட்டியில கம்பு வெச்சு அடைச்சுப்போட்டாங்க. இக்கட்ட கேரளாப் போலீசு, அக்கட்ட தமிழ்நாட்டுப் போலீசு, நடுவுல சந்தைக்குப் போன கத்திரிக்கா. ரெண்டு நாள் கழிச்சு, 27ந் தேதி சாயங்காலம், பாப்பரசர் பிரான்சிஸ் ரோமாபுரியில அத்தனாம் பெரிய மைதானத்துல மழையில தனியா நடந்து வந்தாரு பாரு. ஒரு ஈ காக்கா இல்ல. அத என்ற பேத்தி போனுலதான் பாத்தேன். நானும் பேசல, பக்கத்துல இருந்த நாயும் கொலைக்கல.

மேலூட்டு ஆத்தா ஒண்ணு. இடுப்பு ஒடஞ்சு படுத்த படுக்கை. கோயமுத்தூர்ல படிச்சுக்கிட்டிருந்த அதோட பேத்தி ஊரடங்குல வந்து சேந்தவ, ஏப்ரல் 12 ஈஸ்டரு அன்னைக்குப் போனுல தமிழ்ப் பூசை போட்டுக் குடுத்தா. போன நிக்க வெக்க எடமில்ல, கம்பங்கூழுப் போசியில சாத்தி வெச்சாங்க. அந்தக் கெழவி பண்ணுன கூத்தக் கேளு. காலையிலயே தலை சீவச் சொல்லி, வெள்ளைச் சீலை கட்டிக்கிட்டு, முந்தானைய எடுத்துத் தலைமேல போட்டுக்கிச்சு. கட்டலுக்கடியில கெடந்த செருப்ப வெளிய எடுத்து வீசச் சொல்லுச்சு. போசிக்குப் பக்கத்துல ஒரு மெழுகுதிரி. காணிக்கை நேரம் வந்துதும் சுருக்குப் பையில இருந்து பத்து ரூவாக் காசு ஒண்ண எடுத்துப் போசிக்கடியில தள்ளுச்சு. எழுந்தேற்றம் வர்ற நேரம் பாத்து, ஒரு பொம்பளை சோப்புத் தூளோட திரையில வந்து நின்னா. ஆத்தா அவளையும் கையெடுத்துக் கும்புட்டுது. பேத்தி சிரிச்சுப்போட்டா. "சிரிக்காத அம்மணி, ஆரா இருந்தா என்ன, நம்ம ஊட்டுக்குன்னு வந்திருக்கறாங்கல்ல"ன்னுது ஆத்தா.

அந்த வார்த்தைய நல்லாக் காதுல போட்டுக்க. கும்புட்டது சோப்புக்காரிய இல்ல. வந்ததக் கும்புட்டுது.

பொறவு ஜூன் 8ல இருந்து கோயிலெல்லாம் தொறக்கலாம்னு உத்தரவு வந்துது. கேமராவக் கழட்டல. கழட்டவும் வேண்டாம், படுத்துக் கெடக்கறவங்களுக்கு அது பொன்னு. ஆனா முன்னயெல்லாம் மாசம் மொத வெள்ளிக்குச் சாமியாரு அந்தப் படுக்கைக்கே நன்மை கொண்டாருவாரு. ஆத்தா ரெண்டு நாளைக்கு முன்னயே ஊடு கூட்டச் சொல்லி ஆட்டம் போடும். எல்லாந் தொறந்த பொறவு அந்த வரத்து நின்னு போச்சு. எந்தக் கோயில்னு கேக்காத, நான் சொல்ல மாட்டேன். கேட்டதுக்கு, ஆத்தாதான் லைவ்ல பாத்துக்கறாங்களேன்னு பதில் வந்துதாம். இந்த விசயத்துல ரோமாபுரி 2002லயே எழுதி வெச்சிருச்சு கண்ணு, நெட்டுல திருவருட்சாதனம் கெடையாதுன்னு. 2011ல பாவசங்கீர்த்தனத்துக்குன்னு ஒரு ஆப்பு வந்தப்பவும், பாவத்தப் பட்டியல் போட்டுக்க, ஆனா சாமியார் முன்னால வந்து சொல்லுன்னுதான் சொன்னாங்க. பூசையப் போனு காட்டும். நன்மைய நாக்குல வெக்க ஒரு ஆளு படியேறி வரோணும். ஆத்தா செத்தப்பக் கடைசியா ஒருத்தன் படியேறி வந்தான், அடக்கத்த லைவ்ல உடறதுக்கு, உன்னய மாதிரியே மூணுகால் குச்சியோட. போசிக்கடியில பாத்தா நாப்பத்தஞ்சு பத்து ரூவாக் காசு. அதுல ஒண்ணுகூட உங்க கியூஆர் கோடுக்குள்ள போகல.

காப்பி ஆறுது, குடி.

இப்பச் சொல்லு, தனிச்சுக் கெடக்கறவங்கள எட்டோணும்ங்கற. எட்டு. எங்க கெடக்கறாங்கன்னு பாத்தியா? அட்டப்பாடியில அகளி, புதூரு, சோலையூருன்னு மூணு பஞ்சாயத்து. ஆதிவாசி ஊரு மட்டும் 192. இருளர், முடுகர், குறும்பர். அவிய சாமி அவியளுக்கு, மல்லீசுவரன் முடி இருக்குது, அங்க உன்ற கேமராவத் தூக்கீட்டுப் போகாத. நான் சொல்றது நம்ம கூட்டத்துல, அந்தக் காட்டோரத்துல தோட்டத்துக்குக் காவல் இருக்கறவன், வாத்தியார் வேலைக்குப் போய் மாட்டிக்கிட்டவ, ஏத்தத்துல ரப்பரு வெட்டறவன். அந்த மலை மடிப்புக்குள்ள டவரு எட்டறதில்ல. 2020 ஜூன் 1ல பள்ளிக்கொடத்த டிவியில நடத்த ஆரம்பிச்சப்ப என்ன பண்ணுனாங்க? புள்ளைங்க கையில போனு இல்ல, ஊட்டுல டிவி இல்ல. ஊருக்குள்ள படனமுறின்னு ஒரு அறை வெச்சு, ஒரு டிவி வெச்சு, கூடவே சொல்லிக் குடுக்க ஒரு ஆளையும் வெச்சாங்க. அதாம் பாரு, சர்க்காருக்கே தெரிஞ்சிருக்குது, பொட்டிய மட்டும் வெச்சா புள்ளை படிக்காதுன்னு.

இன்னொண்ணு சொல்றேன், இது சிரிக்கற விசயம் இல்ல. அதே வருசம் ஆகஸ்டு 6 ராத்திரி, இடுக்கியில பெட்டிமுடித் தோட்டத்து லயத்து மேல மலை எறங்கி வந்துது. அங்க இருந்தவங்க பெரும்பாலும் நம்ம தமிழ் சனம். எழுபது உசுரு. கரண்டு இல்ல, போனு இல்ல. வெளிய இருக்கறவங்களுக்குச் சேதி எட்டறதுக்கு விடிஞ்சு போச்சு. எல்லாரையும் ஆன்லைன்ல எட்டிப்புட்டோம்னு மேடையில பேசறதுக்கு முன்னால அந்த ராத்திரிய ஒரு நிமிசம் நெனச்சுக்கோணும்.

சரி, டவரு உள்ளவன் கதைக்கு வருவம். இங்க பக்கத்துல தாவளம். சேஹியோன் தியான மையம் இருக்குதல்ல. பாலக்காட்டு மறைமாவட்டத்துச் சேவியர் கான் வட்டாயில் அச்சன் பேசற அபிஷேகாக்னி, ஷாலோம் டிவியில வந்து, யூடியூப்ல வந்து, மலையாளி எங்கெங்க இருக்கறானோ அங்கெல்லாம் போச்சு. அவிய பண்ணுனதுல ஒரு சூட்சுமம் இருக்குது. டிவியில பாத்த சனம் டிவியோட நிக்கல. பஸ் புடிச்சு, மண்ணார்க்காட்டுச் சுரத்துல வாந்தி எடுத்துக்கிட்டே மேல ஏறி வந்துது. படத்தப் பாத்துப்போட்டு மனுசன் எந்திரிச்சு நடந்தான்னா அந்தப் படம் வேலை செஞ்சிருக்குதுன்னு அர்த்தம். எந்திரிச்சவன் திரும்பவும் பாயில சாஞ்சுக்கிட்டான்னா, அது வெறும் விசிறி.

ஆனா தாவளத்துக்குக் கோட்டயத்துக்காரன் வந்தான், அமெரிக்காக்காரன் வந்தான். பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்க் கெழவி வரல. ஏனு? மலையாளம். கோட்டயம் பக்கத்துல இருந்து காடு திருத்த வந்தவங்க கோயிலு கட்டுனாங்க, 1974ல பாலக்காட்டுக்குன்னு சீரோ மலபார் மறைமாவட்டமும் வந்துது, பூசை மலையாளத்துல. தப்பில்ல, அது அவிய பாசை. லத்தீன் பக்கம் கோயமுத்தூர், கோழிக்கோடு ரெண்டுல இருந்தும் பிரிச்சு 2013ல சுல்தான்பேட்டைன்னு புதுசா ஒண்ணு வந்துது. நம்மாளுக்கு இதெல்லாம் ஒண்ணும் வெளங்கல. கிட்ட எது இருக்குதோ அங்க போனான். எந்திரிக்கற எடத்துல எந்திரிச்சான், மண்டி போடற எடத்துல மண்டி போட்டான், பிரசங்கத்துல தூங்குனான். பத்து வருசம் தூங்குனவன் பதினொண்ணாம் வருசம், தூங்கறதுக்கு ஊடே போதும்னு நின்னுக்கிட்டான். அவன நீங்க 'விசுவாசம் தளர்ந்தவர்'னு நோட்டுல எழுதி வெச்சிருக்கீங்க. அவன் ஊட்டுல போயிப் பாரு, விடிகாலையில வேளாங்கண்ணிப் பூசை போனுல ஓடுது. அவன் தளரல கண்ணு, பாசை மாறிக்கிட்டான். போனு பண்ணுன புண்ணியத்துல இத மொதல்ல எழுதிக்க.

அடுத்து உங்க வாட்சப்பு குரூப்பு. காலையில அஞ்சு மணிக்கு ரோசாப் பூவும் வசனமும். ஆறு மணிக்கு அதே வசனம், வேற பூவு. முன்னயெல்லாம் ஒருத்தன் குரூப்ப உட்டுப் போனா 'இன்னார் வெளியேறினார்'னு எல்லாருக்கும் காட்டும், நாலு பேரு பேசுவாங்க. 2022ல அத மாத்திப்புட்டாங்க. இப்ப ஆரு போனாலும் சத்தம் இல்ல, அட்மினுக்கு மட்டும் சேதி போகும். இத எங்க இருந்து கத்துக்கிட்டானோ அந்த வாட்சப்புக்காரன், நம்ம கோயில்ல இருந்துதான் கத்துக்கிட்டிருப்பான். நம்ம கோயில்ல அப்படித்தானே சனம் போச்சு? சத்தமே இல்லாம. ஒரே ஒரு வித்தியாசம், இங்க அட்மினுக்கும் தெரியல.

எதுக்குப் போனாங்கன்னு எப்பவாச்சும் கேட்டிருக்கியா? சாத்தான், செல்போனு, சினிமான்னு பிரசங்கத்துல ஒரு பட்டியல் வெச்சிருப்பீங்க. எனக்குத் தெரிஞ்ச பட்டியல் வேற. ஒருத்தன், தேர்த் திருநாளுக்குக் கொடி தூக்கற மொறை என்றதுன்னான், குடுக்கல, போயிட்டான். ஒருத்தி, புருசன் உட்டுட்டுப் போனவ, பாட்டுக் குழுவுல அவள முன் வரிசையில நிக்கக்கூடாதுன்னு எவளோ சொல்லிப்போட்டா, போயிட்டா. ஒரு பையன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போனான், ஞாயித்துக்கெழமையும் சிப்ட்டு. மூணு மாசம் கழிச்சு வந்தவனப் பூசை முடிஞ்சு ஒருத்தரு, "ஓகோ, வழி தெரிஞ்சுதா?"ன்னாரு. தெரிஞ்ச வழியில திரும்பிப் போயிட்டான். ஒரு கூட்டத்தையே வெளிய தள்ள ஒரு ஓகோ போதும். இதுக்கு எச்டி கேமரா என்ன பண்ணும்?

என்ற கதை கேக்கறயா? கேக்க மாட்ட, உங்க பாரத்துல அதுக்குக் கட்டம் இல்ல. நானே சொல்றேன். என்ற சம்சாரம் நோவுல கெடந்த வருசம் நான் கோயில் சந்தா கட்டல. 240 ரூவா. ஒரு ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு அறிவிப்பு வாசிக்கறாங்க. கல்யாண ஓலை வாசிச்சாங்க, கெணறு தூர் வார்றது வாசிச்சாங்க, பொறவு பாக்கிக்காரங்க பட்டியல். மைக்குல என்ற பேரு. அப்ப மைக்கு புதுசு, நெம்ப நல்ல மைக்கு, சந்தைப்பேட்டை வரைக்கும் கேட்டுது. மறுநாளே பணத்தக் கட்டிப்போட்டேன். கால மட்டும் உள்ள வெக்கல. பதினோரு வருசம் ஆச்சு. அந்தப் பதினோரு வருசத்துல அந்த மைக்கு மூணு தடவை மாறிருச்சு, ரசீது புத்தகம் போய் ஆப்பு வந்துருச்சு, கேமரா வந்துருச்சு. எங்கூட்டுப் படிய ஒருத்தன் தொட்டது இன்னைக்குத்தான், அதுவும் சப்ஸ்கிரைப் போட.

பால் சொசைட்டியப் பாரு. ரெண்டு நாள் நான் பால் ஊத்தலீன்னா மூணா நாள் செக்கரட்டரி போன் பண்றான். "என்ன பெரியவரே, மாடு சொகமில்லையா? டாக்டரத் தாட்டி உடட்டா?"ன்னு கேக்கறான். அவன் வேதம் படிச்சவன் இல்ல, லிட்டரு படிச்சவன். குடும்பஸ்ரீக் கூட்டத்துல ஒரு பொம்பளை ரெண்டு வாரம் வரலீன்னா மூணாவது வாரம் கூட்டமே அவ ஊட்டுத் திண்ணையில நடக்குது. நீங்களும்தான் அன்பியம்னு வெச்சீங்க. மரியாயின் சேனைன்னு ஒண்ணு இருந்துது. 1921ல அயர்லாந்துல ஆரம்பிச்சது, ரெண்டு ரெண்டு பேரா ஊடு ஊடாப் போறதுதான் அதுல பாதி வேலையே. இப்ப அந்தச் சேனை எங்க? ரெண்டு பேரும் ஸ்டேட்டஸ் போட்டுக்கிட்டிருக்கறாங்க.

அந்தப் போனக் கொண்டா. அதுல என்னமோ கணக்குக் காட்டுமாமே, எத்தனை பேரு பாத்தாங்கன்னு. எத்தனை நேரம் பாத்தாங்கன்னும் காட்டுமல்ல? அத எடு. எடுடா, வெக்கப்படாத. இந்தக் கோடு என்ன, மலை மாதிரி ஏறி, இங்க வந்து சுரத்துல பிரேக்கு புடிக்காத லாரி மாதிரி எறங்குது? ஓ, பிரசங்கம் ஆரம்பிக்கற எடமா. பாத்தியா, உன்ற மிசினு பொய் சொல்லல. கோயில்ல உக்காந்திருந்தா மரியாதைக்காவது கொட்டாவிய மறைப்பாங்க. இந்தக் கோட்ட எடுத்துட்டுப் போயிச் சாமியாருகிட்டக் காட்டு, நான் சொன்னன்னு சொல்லாத.

உங்க ரூமுச் செவுத்துல கார்லோ அக்குத்திஸ் படம் ஒட்டியிருக்கீங்களாமே. நல்ல பையன். 2006ல 15 வயசுல செத்துப்போனான், 2025 செப்டம்பர் 7ல புனிதர் பட்டம் குடுத்தாங்க. கம்ப்யூட்டருல நற்கருணைப் புதுமைகளையெல்லாம் தேடித் தொகுத்தவன். அதே பையன் மிலான் தெருவுல படுத்துக் கெடந்தவங்களுக்குச் சாப்பாடும் போர்த்திக்கறதும் தூக்கீட்டுப் போனவன்னும் எழுதியிருக்குது. நீங்க கம்ப்யூட்டருப் படத்த மட்டும் ஒட்டீட்டு, போர்வைய அட்டாலியில போட்டுட்டீங்க.

நம்மூரு நஞ்சியம்மாவையே பாரேன். நக்குபதி ஊரு. மாடு மேச்சுக்கிட்டுப் பாடுன பொம்பளை. 2020ல அய்யப்பனும் கோஷியும் படத்துல பாடி, அது போன் போனாத் தாவி, 2022ல தேசிய விருதே வந்துருச்சு. அத ஒலகத்துக்குக் கொண்டு போனது யூடியூப்புதான், இல்லீங்கல. ஆனா அதுக்கு முந்தி ஒருத்தரு அந்தம்மாகிட்டப் போயி, வாய மூடீட்டு, அதப் பாட உட்டுக் கேட்டாரு. உங்க சேனல்ல எல்லாம் இருக்குது. கேட்டவன் ஒருத்தன் இல்ல.

அதனால ஒண்ணு பண்ணு. உன்ற கேமரா இத்தனை நாளாப் பீடத்தையே பாத்துக்கிட்டு நிக்குதல்ல? பீடம் எங்கியும் ஓடிப் போகாது. ஒரு ஞாயித்துக்கெழமை அதப் பெஞ்சுப் பக்கமாத் திருப்பி வெச்சுப் பாரு. லைவ்ல உடாத, அடி உழும். நீயும் உபதேசியாரும் மட்டும் உக்காந்து பாருங்க. குடும்பக் கார்டு நோட்ட மடியில வெச்சுக்க. எந்தப் பெஞ்சுல ஆரு இல்லீன்னு பென்சில்ல குறி. திங்கக்கெழமை அந்த ஆளுக்குப் போன் போடு. பார்வர்டு பண்ணாத, வாயால பேசு. "ஏன் வரல?"ன்னு கேட்டீன்னா, கேட்டவன் போலீசு. "மாடு சொகமா?"ன்னு ஆரம்பி. பொறவு அவன் பேசுவான், வைவான், பத்து வருசத்துக் கதை வரும், போன் காது சுடும். நீ பேசாத. ஊம் கொட்டு. அதுக்கு நெட்டுக்கூட வேண்டாம், பழைய பட்டன் போனு போதும்.

2023 மே மாசம் வத்திக்கான்ல இருந்து இந்தச் சோசியல் மீடியாவப் பத்தி நீளமா ஒண்ணு எழுதி உட்டாங்க. அதுலயும் நல்ல சமாரியன் கதையத்தான் எடுத்துக்கிட்டாங்க. நான் அந்தக் கதைய வேற மாதிரிப் பாக்கறேன். அடிபட்டுக் கெடந்தவனப் பாத்துட்டுப் போன மொத ரெண்டு பேரும் கண்ணாலதான் பாத்தாங்க. இன்னைக்கா இருந்தா அதுவும் ரெண்டு வியூஸ். மூணாவது ஆளு எண்ணெய் ஊத்திக் கட்டுப் போட்டு, தான் வந்த கழுதை மேலயே அவனத் தூக்கி உக்கார வெச்சு, தான் நடந்து போனான். சத்திரக்காரனுக்குக் கைக்காசும் குடுத்தான். அந்தக் கதையில நெம்ப உழைச்சது கழுதை. அதப் பத்தி எந்தச் சாமியாரும் பிரசங்கம் வெக்கறதில்ல.

உன்ற கழுதை வாசல்ல நிக்குது. நல்ல வண்டி, எத்தனை சிசி? ஏத்தத்துல ரெண்டு பேரத் தாங்குமா? நான் எடை இல்ல, எலும்புதான்.

இந்தா, போன வாங்கிக்க. சப்ஸ்கிரைப் போட்டுக்க, மணியையும் அமுக்கிக்க, உனக்கும் கணக்குக் காட்டோணுமல்ல. ஞாயித்துக்கெழமைப் பூசை ஏழு மணிக்குத்தானே? நான் ஆறே காலுக்கு இந்தத் திண்ணையில வெள்ளை வேட்டியோட உக்காந்திருப்பேன். அஞ்சு நிமிசம் பாப்பேன், வரலீன்னா மாட்டுக்குத் தீனி போடப் போயிருவேன். உபதேசியாருகிட்டச் சொல்லி வெய்யி, ஆரும் "ஓகோ"ன்னு சொல்லப்படாது.

அப்பறம் ஒண்ணு, ஹெல்மெட்டு ரெண்டு கொண்டா. கேரளாவுல பின்னால உக்கார்றவனுக்கும் வேணும். 2023 ஜூன்ல இருந்து ரோட்டுல ஏஐ கேமரா வெச்சிருக்கறாங்க, பின்சீட்டுக் கெழவன் தலையில ஒண்ணு கொறஞ்சாக்கூட அதுக்குத் தெரிஞ்சு போயிருது.